மைக்கில் சொன்ன வெங்காய ரோஸ்ட்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான் இல்லை. எனக்கு அது கடைசியாகத்தான் தெரிந்தது. தெரிவித்தது என் சொந்தக் குரல். ஒரு பேரி மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாக, கோடைக்கானல் பஜார் முழுவதற்கும் சேர்த்து ஒரே நேரத்தில் தெரிவித்தது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது மாப்பிள்ளையாகப் போகிறவன் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்பது வழக்கம். நான் எனக்குப் பெண் கொடுக்க வந்தவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை மைக்கில் அறிவித்தேன். அந்த மைக்கை வாங்கச் சொன்னவனும் நானே. வேறு யார் மேலும் பழி போட இடம் வைக்காமல் எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பஜாரில் ஒரு சைவ ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். மலை ஊரில் கட்டடங்கள் சரிவில் நிற்பவை. எங்கள் ஓட்டல் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தளம். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கி நின்று பார்த்தால் இரண்டு தளம். மேலே சாப்பிடும் ஹால். அதற்கு நேர் கீழே அடுப்படி. நடுவில் பதினெட்டுப் படி. படியேறி இறங்கினால் தோசை ஆறிவிடும் என்பதால் ஹாலின் மூலையில் தரைப்பலகையை அறுத்துச் சதுரமாக ஓர் ஓட்டை போட்டிருந்தார் முதலாளி. ஆர்டரை அந்த ஓட்டையில் குனிந்து கத்த வேண்டும். பலகாரம் ஒரு மரப்பெட்டியில், கிணற்று ராட்டினத்தில் தண்ணீர் ஏறுவதுபோலக் கயிற்றில் ஏறி வரும்.

என்னை வேலைக்கு எடுத்ததே குரலுக்காகத்தான். முகத்தைப் பார்த்தோ படிப்பைப் பார்த்தோ எடுக்கவில்லை. இரண்டிலும் பார்க்க ஒன்றும் இல்லை. முதலாளி என்னை ஓட்டை அருகே நிறுத்தி, "ஏலே, ரெண்டு இட்லின்னு ஒரு சத்தம் போடு" என்றார். போட்டேன். கீழே அடுப்படியிலிருந்து இரண்டு இட்லி வந்தது. "நாளைக்கு வெள்ளனே வந்துரு" என்று சொல்லிவிட்டு அந்த இட்லியை அவரே சாப்பிட்டார். எனக்குத் தெரிந்து கோடைக்கானலிலேயே மிகச் சுருக்கமாக முடிந்த இன்டர்வியூ அதுதான்.

அடுப்படி மாஸ்டர் பழனிப் பக்கத்துக்காரர். பக்திமான். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. சாப்பிடப்போவது யார் என்று சொல்லாமல் கல்லில் மாவு ஊற்ற மாட்டார். தபால் ஆபீஸ் ஐயாவுக்கு மிளகாய் ஆகாது. பல் போன தோட்டத்துக்காரருக்கு ஓரம் மொறுகக் கூடாது. பேத்துப்பாறையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு நடந்து வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி மாவு கூடுதலாக விழும். அதனால், "தபால் ஐயாவுக்கு ரெண்டு சாதா", "புதுசா வந்திருக்கிற சிவப்பு ஸ்வெட்டருக்கு ஒரு பொங்கல்" என்று ஆளோடு சேர்த்துத்தான் ஆர்டர் சொல்ல வேண்டும். வெறுமனே "ஒரு தோசை" என்றால் கீழேயிருந்து "யாருக்கு?" என்று வரும். பதில் வரும்வரை கரண்டி நகராது. தரையில் இருக்கும் ஓட்டைக்குள் சொல்கிற விஷயம்தானே, எனக்கும் அடுப்புக்கும் தவிர யாருக்குத் தெரியப்போகிறது என்று நானும் கூச்சமில்லாமல் எல்லாருக்கும் அடையாளம் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் சீசனில் கூட்டம் தாங்கவில்லை. சித்திரை பிறந்து பத்து நாளில் என் தொண்டை போய்விட்டது. மிளகுக் கஷாயம், சுக்கு, வெந்நீர், ஒன்றும் கேட்கவில்லை. "ரவா தோசை" என்று கத்தினால் வெறும் காற்று இறங்கியது. மாஸ்டர் அதற்கு ஏற்றபடி எதையும் அனுப்பவில்லை. குரலுக்காக வேலைக்கு எடுத்தவனுக்குக் குரல் இல்லாமல் போனால் முதலாளி என்ன செய்வார் என்று யோசித்தேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் அது கெட்ட இடத்தில் போய் முடிந்தது.

பழனியில் தைப்பூசத்துக்கு மைக் செட் வைத்து, காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்வார்கள். அத்தனை லட்சம் ஜனத்துக்குள் தாய் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். தொலைந்துபோன பிள்ளையையே கண்டுபிடித்துத் தருகிற கருவிக்குப் பதினெட்டுப் படிக்குக் கீழே இருக்கும் தோசை எம்மாத்திரம் என்று முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். தொண்டை போயிருந்ததால் ரகசியம் போலச் சொன்னேன். அதனாலேயே அவருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டிருக்க வேண்டும். மறுவாரம் வத்தலக்குண்டில் தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து பழைய செட் ஒன்று பஸ் கூரையில் வந்து இறங்கியது.

மூன்று உருப்படி. வால்வு வைத்த ஆம்ப்ளிபயர் பெட்டி, மைக், பெரிய ஊமத்தம்பூ போல ஒலிபெருக்கி. வால்வு சூடாகிச் சிவந்தால்தான் செட் பேசும். சமவெளியில் ஒரு நிமிஷத்தில் பேசிக்கொண்டிருந்த பெட்டி எங்கள் குளிரில் முனகவே கால் மணி எடுத்துக்கொண்டது. எதிரே கம்பளிக் கடை வைத்திருந்த ராவுத்தர் இதைப் பார்த்துவிட்டு, "சம்சாரத்துக்குக்கூட இம்புட்டு எழுப்பு எழுப்ப மாட்டேன் தம்பி" என்று சொல்லி, ஒரு பழைய கம்பளியைக் கொடுத்தார். தினமும் காலையில் பெட்டிக்குப் போர்த்திவிடுவேன்.

ஒலிபெருக்கியை முதலில் அடுப்படிக்குள் மாட்டினோம். மைக் மேலே ஓட்டைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கி ஓட்டைக்கு நேர் கீழே. போட்டவுடன் செட் நரி போல ஊளையிட்டது. மாஸ்டர் கையிலிருந்த கரண்டி எங்கோ போனது. கல்லில் இருந்த தோசை நாலாகக் கிழிந்தது. அவர் ஸ்டூலில் ஏறினார். ஒலிபெருக்கியைக் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தின் ஓரத்தில் நின்ற பேரி மரத்தில், முகம் பள்ளத்தைப் பார்க்கும்படி கட்டினார். "எனக்கு நல்லாக் கேக்குது. அது அங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

அவருக்கு மட்டும் கேட்கவில்லை. பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவில் போய் மோதிய என் குரல், அங்கிருந்து கிளம்பி மறுபடி பஜாருக்கே வந்தது. நான் "ரெண்டு இட்லி" என்றால், ஒரு மூச்சு விடும் நேரத்தில் மலையும் "ரெண்டு இட்லி" என்றது. முதல் இரண்டு நாள் மாஸ்டர் நான் சொன்னதற்கு ஒன்றும் மலை சொன்னதற்கு ஒன்றுமாக எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள்தான் மலைக்குப் பசியில்லை என்று புரிந்துகொண்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலை பறந்தது. முன்பு ஓர் ஆர்டருக்கு மூன்று தடவை கத்துவேன். இப்போது காதோடு பேசுகிற மாதிரிச் சொன்னால் போதும். வந்தவர் கை கழுவித் திரும்புவதற்குள் பலகாரம் இலையில் இருந்தது. மெட்ராஸிலிருந்து வந்தவர்கள்கூட இப்படி ஒரு ஏற்பாட்டைப் பார்த்ததில்லை என்றார்கள். தங்களுக்கு வைத்த அடையாளத்தை மலை திருப்பிச் சொல்வதைக் கேட்பதற்காகவே சிலர் இன்னொரு வடை வாங்கினார்கள்.

சிக்கல் வராமலும் இல்லை. "தபால் ஐயாவுக்கு நாலாவது வடை" என்று நான் ஒருநாள் சொன்னதிலிருந்து தபால் ஐயா இரண்டோடு நிறுத்திக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்கு அல்வா சொன்னேன். பெட்டி மேலே வருவதற்கு முன்பே தெருக்கோடி டாக்டர் அனுப்பிய கம்பவுண்டர் வந்து நின்றார். அல்வாவை மரியாதையாக வாங்கி, அவரே சாப்பிட்டுவிட்டுப் போனார். இதையெல்லாம் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கருவி நன்றாக வேலை செய்கிறது என்றுதான் தோன்றியது.

இந்த நிலையில்தான் மாமா வந்தார்.

மாமா என்றால் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பழனி அடிவாரத்தில் விபூதிக் கடை. அவர் மகளைத்தான் எனக்குக் கேட்டிருந்தார்கள். நானும் அவளை ஒரு திருவிழாவில் பார்த்திருந்தேன்; அதன் பிறகு வேறு யாரையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மாமாவுக்குப் பாதி மனசு. பையன் மலையில் என்ன சோலி பார்க்கிறான் என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றிருந்தார். அவர் வந்தால் வாயைத் திறக்காதே என்று அம்மா முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தாள். சப்ளையர் எப்படி வாயைத் திறக்காமல் இருப்பான் என்பதை அவள் சொல்லவில்லை.

மாமாவின் கடைக்கு ஒரு பெயர் உண்டு. மாதா மாதம் கிருத்திகைக்கு அவர் ஒரு டம்ளர் பாலும் ஒரு மலை வாழைப்பழமும் தவிர எதுவும் தொட மாட்டார். அன்றைக்கு அவர் கையால் விபூதி வாங்கினால் விசேஷம் என்று தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு வைகாசிக் கிருத்திகை அன்று, கோடைக்கானல் முருகன் கோவிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே என்னையும் பார்த்துவிடலாம் என்று வத்தலக்குண்டு சுற்றிப் பஸ் ஏறி வந்திருந்தார். ஹாலுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. மஞ்சு மூட்டம் வாசல்வரை வந்து நின்றது. மாமா துண்டைத் தலையோடு சுற்றியிருந்தார். பல் தந்தியடித்தது.

பால் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தம்பி, இந்தக் குளிருக்குப் பாலு பத்தாது போலிருக்கே. வளைவுக்கு வளைவு வயித்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

வெறும் தோசை விரதத்துக்கு ஆகும், போடச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் கண் பக்கத்து மேஜையில் இருந்தது. அங்கே ஒருவருக்கு அப்போதுதான் வெங்காய ரோஸ்ட் வைத்திருந்தேன். நெய்யில் சிவந்த வெங்காய வாசனை மஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது. கிருத்திகை விரதக்காரர் வெங்காயத்தைக் கையால்கூடத் தொடுவதில்லை. மாமா அந்த ரோஸ்டைப் பார்த்தார். சந்நிதியில் திரை விலகும்போது பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதுல ஒண்ணு" என்றார்.

அவர் சொன்னது என் காதில்தான் விழுந்தது. அதோடு நின்றிருக்க வேண்டியது. நான் மைக்குக்குப் போனேன். "பழனி மாமாவுக்கு வெங்காய ரோஸ்ட் ஒண்ணு" என்றேன். ரோஸ்ட் ஒண்ணு, என்றது மலை.

மாஸ்டரிடம் மைக் கிடையாது. அவர் ஓட்டை வழியாகத்தான் பேசுவார். அது எனக்கு மட்டும் கேட்கும். "எந்த மாமா? பொண்ணு குடுக்க வந்தவரா? இன்னைக்குக் கிருத்திகையாச்சேய்யா" என்று கேட்டார். ஆள் விவரம் தெரியாமல் அவர் ஊற்ற மாட்டாரே. நான் மைக்கில் பதில் சொன்னேன்.

"அவரேதான். விரதந்தான். வெங்காயத்தோடதான் கேக்குறாரு."

மாமா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏப்பா, மெதுவா, மெதுவா" என்றார். சாப்பிடுகிறவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் கீழே அனுப்புவது சப்ளையரின் கடமை. "மெதுவாங்கிறாரு" என்று மைக்கில் சொன்னேன்.

எங்கள் தொழிலில் மெதுவா என்றால் மொறுகாமல் என்று அர்த்தம். கீழேயிருந்து மாஸ்டர் எரிச்சலோடு கேட்டார், ரோஸ்டை எப்படி மெதுவாகப் போடுவது என்று. நியாயமான கேள்வி. நான் நிலைமையைத் தெளிவுபடுத்தினேன்.

"ரோஸ்ட் மொறுகலாவே இருக்கட்டும். விரதத்தைத்தான் சத்தமாச் சொல்ல வேணாங்கிறாரு."

மலை இதைத் திருப்பிச் சொன்னபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு மைக்கைப் பார்த்தேன். முதல் பத்தியில் சொன்னேனே, அந்த விஷயம் எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

சற்று நேரத்தில் ராவுத்தர் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்றார். "தம்பி, பழனி மாமாவுக்கு ரோஸ்ட் வந்துருச்சா? பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் என்னையக் கேக்குறாக" என்றார். குறும்பு இல்லாமல் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ரோஸ்ட் வந்தது. சாப்பிட்டார். ஒரு துணுக்கு மீதி வைக்கவில்லை. காபி வேண்டும் என்பதைக் கையால் காட்டினார். நானும் கையாலேயே மாஸ்டருக்குக் காட்டப் பார்த்தேன். ஓட்டை வழியாகக் கை தெரியாது என்பதால் படியிறங்கிப் போய் நானே வாங்கி வந்தேன்.

மாமா அன்று தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போனார். என்னிடம் கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆனால் முதல் நாள் சாயங்கால பஸ்ஸிலேயே, கிருத்திகைக்காக மலையேறி வந்திருந்த அடிவாரத்துப் பூக்காரம்மா ஒருத்தி பழனி கிளம்பியிருந்தாள். மாமா வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே வெங்காயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பத்து நாளில் அம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். உன் மாமன் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார். விபூதி வாங்க வருகிறவர்கள் அவரிடம் வெங்காயம் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். நீ இனி அங்கேயே இருந்துகொள். இவ்வளவுதான் கார்டில் இருந்தது. நலம், நலமறிய அவா என்பதைக்கூட வெட்டியிருந்தாள்.

முதலாளி மைக்கை எடுக்கவில்லை. அதற்குள் அது இல்லாமல் கடை ஓடாது என்றாகிவிட்டது. அதற்குப் பதிலாக மனுஷர்களை எடுத்துவிட்டார். மேஜைக்கு மேஜை வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதினார். இனிமேல் மாமா, மச்சான், தபால் ஐயா எதுவும் கிடையாது. "மூணுக்கு ரெண்டு சாதா", "ஆறுக்கு ஒரு வடை" அவ்வளவுதான் என்றார். நாலைந்து நாள் மாஸ்டர் ஒத்துழைக்கவில்லை. "ஆறுக்குப் பல்லு இருக்கா?" என்று ஓட்டை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார். எல்லாருக்கும் ஒரே தோசை போட ஆரம்பித்தார். தோசை முன்பைவிட வெரசாக வந்தது. பேத்துப்பாறைக்காரர்கள் மட்டும் இப்போதெல்லாம் இரண்டு சாப்பிட்டாலும் நிறையவில்லை என்றார்கள். அதை மைக்கில் சொல்ல வழியில்லை.

எனக்கோ எந்த நம்பரும் மனசில் நிற்கவில்லை. அந்தப் பெண் நின்றாள். ஆடி பிறப்பதற்குள் போய்க் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் பழனிக்கு இறங்கினேன்.

மாமா வீட்டில் எனக்கு நாற்காலி போடவில்லை. நின்றேன். மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றும் கிருத்திகை. வீட்டில் வெங்காயக் கூடையே கண்ணில் படவில்லை. அவருக்கு முன்னால் ஒரு டம்ளர் பால் இருந்தது; அதற்குக் காவலாக அத்தை உட்கார்ந்திருந்தாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். தப்பு என் மேல்தான், மாமா பசியில் வாய்தவறிக் கேட்டுவிட்டார், நான்தான் என்று இழுத்தபோது அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது கெடக்கட்டும். மைக்குல என்ன சொன்னே? அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

மாமாவைப் பார்த்தேன். காலண்டரில் அவருக்கு முக்கியமான தேதி ஏதோ இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொன்னேன். பழனி மாமாவுக்கு வெங்காய ரோஸ்ட் ஒண்ணு என்பதில் தொடங்கி, சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்கிறார் என்பது வரைக்கும், மலை சொன்னதையும் விடாமல் சொன்னேன். உள்ளறையில் யாரோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. யார் என்று எனக்குத் தெரிந்தது. பாதி உயிர் வந்தது.

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பாத்தியா? இவனுக்கா பொண்ணைக் குடுக்கச் சொல்ற? வாயில ஒண்ணு நிக்கிதா?" என்றார்.

"அதுக்குத்தான் குடுக்கலாங்கிறேன்" என்றாள் அத்தை. "இருவது வருசமா நீங்க வெளியூர்ல என்ன தின்னீக, எங்க தின்னீகன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் மகளுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. இவன் எந்த ஊர்ல என்ன தப்புப் பண்ணாலும் இவனே சொல்லிருவான்."

என்னை யாரும் அதற்கு முன்பு இவ்வளவு புகழ்ந்ததில்லை. புகழ்ச்சிதானா என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. உள்ளே சிரிப்பு நின்றது. பிறகு உள்ளேயிருந்தே, "அம்மா, அவுகளுக்கு ஒரு மணையாச்சும் எடுத்துப் போடும்மா, எம்புட்டு நேரம் நிப்பாக" என்று ஒரு குரல் வந்தது. அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா பாலைப் பார்த்தார். நான் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பாதி குனிந்த நிலையில் இருந்தேன். மாமா பாலை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

இனித் தாங்காது என்று நானே கேட்டுவிட்டேன். முடிந்தவரை மெதுவாகத்தான் கேட்டேன். "மாமா, அப்ப கல்யாணத்துக்கு உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?"

"மைக் செட்டு வைக்கக் கூடாது."